நிக்ஸி கடிகாரத்துக்கு எந்த டிரைவர் சிப்? அணைந்திருக்கும் ஒன்பது எண்களிலிருந்து ஒரு விளக்கம்

எண்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பழைய நிக்ஸி குழாய்கள் நான்கைந்தை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டிலேயே ஒரு கடிகாரம் செய்துவிட வேண்டும் என்று முனைகிறவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சிப் பக்கங்களிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். பாலிடெக்னிக் மாணவர்கள், ரேடியோ பழுதுபார்த்துக் கை பழகியவர்கள், ஆர்டுயினோ வாங்கி எல்.இ.டி. மினுக்கிப் பார்த்தவர்கள் என்று பல வகையினர். இவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, குழாயின் எண்களை எரியவைத்து அணைக்கும் டிரைவர் சிப்பாக எதைப் போடுவது என்பதுதான். கிடைக்கும் பதில்களோ ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. பத்து அவுட்புட் உள்ள எந்த சிப்பும் போதும் என்கிறார் ஒருவர். குழாய்க்கு 170 வோல்ட் வேண்டும், ஆகவே சிப்பும் 170 வோல்ட்டைத் தாங்கியே தீர வேண்டும் என்கிறார் இன்னொருவர். நிக்ஸிக்கென்றே வந்த 74141 வெறும் 60 வோல்ட் சிப், அதுவே காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே வோல்ட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று மூன்றாமவர் முடித்துவைக்கிறார்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எதை நம்பி வாங்கினாலும் சிக்கல் வரலாம். ஒரு எண்ணை எரியவைப்பது சிப்புக்குப் பெரிய வேலையே அல்ல என்பதும், மற்ற ஒன்பது எண்களை எரியாமல் வைத்திருப்பதுதான் அதன் உண்மையான வேலை என்பதும் பெரும்பாலும் சொல்லப்படாமல் போவதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது

நிக்ஸி குழாய் என்பது நியான் வாயு அடைத்த ஒரு கண்ணாடிக் குடுவை. அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட ஐஎன்-12, ஐஎன்-14 போன்ற வகைகள். உள்ளே பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரையிலான எண்களின் வடிவில் வளைத்த பத்து மெல்லிய உலோகத் துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கப்பட்டிருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு கேத்தோடு, அதாவது மின்சுற்றின் எதிர்முனையோடு சேர வேண்டிய உறுப்பு. இவற்றுக்கு முன்னால் பார்வையை மறைக்காத சன்னமான வலை ஒன்று இருக்கும். அது ஆனோடு, நேர்முனையோடு சேர வேண்டியது. ஆனோடு எல்லா எண்களுக்கும் பொது. கேத்தோடு ஒவ்வோர் எண்ணுக்கும் தனி.

ஆனோடுக்கும் ஒரு கேத்தோடுக்கும் இடையே போதிய வோல்ட் ஏறினால், அந்தக் கேத்தோடை ஒட்டியிருக்கும் வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. உலோகம் சூடாகி எரிவதில்லை, அதைச் சுற்றிய வாயுதான் ஒளிர்கிறது.

இங்கே இரண்டு அளவுகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். அணைந்திருக்கும் வாயு முதன்முதலாகப் பற்றிக்கொள்ளத் தேவையான வோல்ட்டைப் பற்றும் மின்னழுத்தம் என்று சொல்லலாம். ஐஎன்-14 போன்ற குழாய்களுக்கு இது 170 வோல்ட் அளவில் இருக்கும். பற்றிக்கொண்ட பிறகு ஒளி நீடிக்க அவ்வளவு தேவையில்லை. குழாயின் குறுக்கே இருக்கும் வோல்ட் 140-ஐ ஒட்டி இறங்கி அங்கேயே நிற்கும். இதை நிலைக்கும் மின்னழுத்தம் என்போம். ஓடும் மின்னோட்டமோ 2.5 மில்லி ஆம்பியர் அளவுதான். ஒரு சாதாரண எல்.இ.டி.க்கு நாம் கொடுப்பதை விடவும் இது குறைவு.

ஆக, வோல்ட் மிகுதி, மின்னோட்டம் சொற்பம். பற்றுவதற்கு ஒரு வோல்ட், நிலைப்பதற்கு அதை விடக் குறைந்த வேறொரு வோல்ட். அடுத்து வருபவை எல்லாம் இந்த இரண்டு எண்களின் மேல்தான் நிற்கின்றன.

பத்து மதகு உள்ள ஒரு வாய்க்கால்

வெண்ணாற்றிலோ கல்லணைக் கால்வாயிலோ பிரியும் ஒரு கிளை வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கால்வாயிலிருந்து ஒரு குறுகிய குழாய் வழியாக மட்டுமே இதற்குத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலின் கரையில் பத்து மதகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. ஏதேனும் ஒரு பலகையைத் தூக்கினால் அந்த வயலுக்குத் தண்ணீர் பாயும்.

இதில் நீர்மட்டத்தின் உயரம் வோல்ட். பாயும் நீர் மின்னோட்டம். வாய்க்கால் ஆனோடு. பத்து மதகுகள் பத்து கேத்தோடுகள். பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் டிரைவர் சிப்பின் வேலை. பெரிய கால்வாயையும் வாய்க்காலையும் இணைக்கும் குறுகிய குழாய்க்கு ஆனோடு ரெசிஸ்டர் என்று பெயர். ஆனோடுக்குப் போகும் கம்பியில் நாம் போடும், மின்னோட்டத்தை அளவோடு நிறுத்தும் உறுப்பு அது.

பத்து மதகும் மூடியிருக்கையில் வாய்க்காலின் மட்டம் பெரிய கால்வாயின் மட்டத்துக்கே ஏறி நிற்கும். ஒன்றைத் திறந்தால் வெளியேறும் நீரைக் குறுகிய குழாயால் உடனுக்குடன் ஈடுகட்ட முடியாது. அதனால் வாய்க்காலில் மட்டம் சற்று இறங்கும். நிக்ஸி குழாயில் ஓர் எண் எரியும்போது ஆனோடு வோல்ட் இறங்குவதும் இதே காரணத்தால்தான்.

இப்போது பலகைகளைப் பார்ப்போம். தூக்கிய பலகையின் மேல் எந்த அழுத்தமும் இல்லை, தண்ணீர் அதன் கீழே போய்விடுகிறது. அழுத்தம் முழுவதையும் தாங்குபவை மூடிய பலகைகள். பலகை வாங்கப் போகிறவர், திறந்த மதகில் எவ்வளவு தண்ணீர் பாயும் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால், மூடியிருக்கும் பலகை உடைந்த பிறகுதான் விஷயம் விளங்கும். சிப்பின் அளவுகளைப் பட்டியலிடும் டேட்டா ஷீட்டிலும் அப்படித்தான். அவுட்புட் எத்தனை மில்லி ஆம்பியர் தாங்கும் என்ற வரியை எல்லோரும் பார்க்கிறார்கள். அணைந்த நிலையில் அவுட்புட் எத்தனை வோல்ட் தாங்கும் என்ற வரிதான் நமக்கு வேண்டியது.

ஒப்புமை ஓரிடத்தில் ஒத்துவராது, அந்த இடமே முக்கியமானது. தண்ணீர் மட்டத்தில் விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் பாயும். நியான் வாயு அப்படிப் பாயாது. குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே வாயுவே ஓர் அடைப்பாக நின்றுவிடுகிறது. அதாவது ஒவ்வொரு மதகிலும் பலகைக்கு முன்னால் இன்னோர் இயற்கையான தடுப்பு இருக்கிறது. அழுத்தத்தில் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்கிறது, மிச்சம்தான் பலகைக்கு வருகிறது. 60 வோல்ட் மட்டுமே தாங்கும் சிப் 180 வோல்ட் சுற்றில் பிழைத்திருப்பதன் மர்மம் இவ்வளவுதான்.

60 வோல்ட் சிப் எப்படிப் போதுமானதாகிறது

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்வழங்கி 180 வோல்ட், ஆனோடு ரெசிஸ்டர் 16 கிலோ ஓம். ஓர் எண் எரிகிறது, 2.5 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. ரெசிஸ்டரில் விழுவது 40 வோல்ட், ஆகவே ஆனோடு 140 வோல்ட்டில் நிற்கிறது. எரியும் எண்ணின் கேத்தோடை சிப் தரையோடு, அதாவது சுற்றின் பூஜ்ய வோல்ட் முனையோடு, இணைத்திருக்கிறது. 74141-இன் எரியும் அவுட்புட்டில் மிஞ்சும் வோல்ட், 7 மில்லி ஆம்பியர் ஓடினாலும் 2.5-ஐத் தாண்டாது. இதில் சிப்புக்கு ஒரு சிரமமும் இல்லை.

மற்ற ஒன்பது கேத்தோடுகளும் எதனோடும் இணையாமல் விடப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றியும் வாயு இருப்பதால், விட்டால் அவற்றின் வோல்ட் மெல்ல மேலேறும். 74141-இன் உட்புற அமைப்பு அதை 60 வோல்ட்டுக்குச் சற்று மேலே தடுத்துவிடுகிறது. ஏரிக் கலிங்கு போல, மட்டம் அதற்கு மேல் ஏறினால் மிகுதி நீர் வழிந்துவிடும். இப்படி ஒரு மட்டத்தில் வோல்ட்டைக் கட்டிவைப்பதைக் கிளாம்ப் என்பார்கள். வழிவது மிகச் சிறிய மின்னோட்டம், ஆகவே சிப்புக்குக் கேடில்லை.

அணைந்த எண்ணுக்கும் ஆனோடுக்கும் இடையே எவ்வளவு வோல்ட் இருக்கிறது? 140-இல் 60 போக 80. வாயு நிலைத்து ஒளிர 140 அளவு வேண்டும். 80 வோல்ட்டில் அது ஒளிராது. எண் இருண்டே இருக்கிறது.

இப்போது 60-க்குப் பதிலாகக் கிளாம்ப் 20 வோல்ட்டில் இருந்தால் 140-இல் 20 போக 120 வரும். இது நிலைக்கும் அளவுக்கு மிக அருகில். பக்கத்தில் ஏற்கெனவே ஓர் எண் எரிந்து, வாயுவில் மின்னூட்டத் துகள்கள் மிதந்துகொண்டிருக்கும்போது, அணைந்திருக்க வேண்டிய எண்களின் விளிம்பிலும் மங்கலாக ஒரு படலம் தெரியத் தொடங்கும். எரிய வேண்டாத எண் இப்படி நிழலாகத் தெரிவதைப் பேய் எண் என்று அழைக்கிறார்கள். கிளாம்ப் 5 வோல்ட்டிலேயே இருந்தால் 135 வோல்ட். பத்து எண்களும் ஒன்றாகக் குழம்பி ஒளிரும்.

பத்து எண்களையும் அணைத்துவிட்டால் என்னவாகும்? மின்னோட்டம் இல்லை, ரெசிஸ்டரில் வோல்ட் விழவில்லை, ஆனோடு 180-க்கே ஏறுகிறது. கேத்தோடுகள் 60-இல். வித்தியாசம் 120. பற்றவும் போதாது, நிலைக்கவும் போதாது, ஆகவே குழாய் முழுக்க இருண்டுவிடும். ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று யாராவது மின்வழங்கியை 250 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டால் வித்தியாசம் 190 ஆகிவிடுகிறது. அது பற்றும் மின்னழுத்தத்தைத் தாண்டிவிட்டது. குழாயை எந்தக் கட்டளையாலும் முழுதாக அணைக்க முடியாது. 74141 சரியில்லை என்று குற்றம் சாட்டப்படும் சுற்றுகளில் மின்வழங்கியை முதலில் அளந்து பார்ப்பது நல்லது. வெளிச்சம் வேண்டுமானால் ரெசிஸ்டரை அளவோடு குறைக்க வேண்டுமே தவிர, வோல்ட்டை ஏற்றக்கூடாது.

சுருக்கமாக, சிப் 180 வோல்ட் தாங்க வேண்டியதில்லை. ஆனால் அணைந்த கேத்தோடைப் போதிய உயரத்தில் நிற்கவிட வேண்டும். 60 வோல்ட் அதற்குப் போதும், 5 வோல்ட் போதாது.

74141-உம் அதன் சோவியத் உறவும்

74141 நிக்ஸி குழாய்க்கென்றே வடிவமைக்கப்பட்ட சிப். அதன் சோவியத் இணை கே155ஐடி1. கால்களின் வரிசைகூட ஒன்றுதான், ஒன்றின் சாக்கெட்டில் மற்றதைச் செருகலாம். 74141-இன் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. விற்பனைக்கு வருபவை பழைய இருப்புகள்.

இதற்குள் செல்வது நான்கு கம்பிகள், வெளியே வருவது பத்து. நான்கு கம்பிகளில் 1, 2, 4, 8 என்ற மதிப்புகளைக் கூட்டி ஓர் எண்ணைச் சொல்லும் முறைக்கு பிசிடி என்று பெயர். 4-உம் 1-உம் உயர்ந்திருந்தால் 5 எரியும். 10 முதல் 15 வரையிலான மதிப்பைக் கொடுத்தால் 74141-இல் பத்தும் அணைந்துவிடும். மணியின் முன்பூஜ்யத்தை மறைக்க இது வசதி. இதற்கு முந்தைய 7441 இப்படி முழுதாக அணைவதில்லை. பெயரில் ஓர் எண்தானே குறைகிறது என்று அதை வாங்கிவிடக்கூடாது.

74141 இயங்குவது 5 வோல்ட்டில். உள்ளீட்டில் 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே உயர்ந்தது என்று எடுத்துக்கொள்வதால், கட்டளை கொடுக்கும் 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரையும் நேராக இணைக்கலாம். குறை என்று சொன்னால், எதையும் எரிக்காமல் சும்மா இருக்கும்போதே ஒவ்வொன்றும் 15 முதல் 25 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். சுவரில் செருகும் அடாப்டரில் ஓடும் கடிகாரத்துக்கு இது ஒரு பொருட்டல்ல.

முதல் கடிகாரம் செய்கிறவர் நான்கு குழாய்க்கு நான்கு 74141 அல்லது கே155ஐடி1 போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். கம்பி அதிகம், ஆனால் பிழை வந்தால் கண்டுபிடிப்பது எளிது.

டிரான்சிஸ்டர்களைக் கொண்டே செய்வது

பழைய சிப்பைத் தேடி அலைய மனமில்லாதவர்களுக்கு எம்பிஎஸ்ஏ42 இருக்கிறது. டிரான்சிஸ்டர் என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மூன்று கால் உறுப்பு. எம்பிஎஸ்ஏ42 அணைந்த நிலையில் 300 வோல்ட் தாங்கும், இன்றும் உற்பத்தியில் உள்ளது, விலையும் சொற்பம். எண்ணுக்கு ஒன்றாகக் குழாய்க்குப் பத்து வேண்டும். ஆறு குழாய்க் கடிகாரத்துக்கு அறுபது டிரான்சிஸ்டர்களும், கட்டளை வாங்கும் பேஸ் காலுக்கு அறுபது ரெசிஸ்டர்களும் சால்டர் செய்ய வேண்டியிருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு உகந்தது.

இதில் கிளாம்ப் கிடையாது. அணைந்த கேத்தோடு தன் விருப்பப்படி மேலே மிதக்கலாம், 300 வரை எதுவும் ஆகாது. ஆகவே பேய் எண்கள் அநேகமாக வருவதில்லை.

ஷிப்ட் ரெஜிஸ்டர்: ஒரே சிப்பில் மூன்று குழாய்

ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கட்டளைகளை வரிசையாக உள்வாங்கிக்கொண்டு, பல அவுட்புட்களில் ஒரே சமயத்தில் விரித்துக் காட்டும் சிப்பை ஷிப்ட் ரெஜிஸ்டர் என்பார்கள். உயர் வோல்ட் தாங்கும் ஷிப்ட் ரெஜிஸ்டர்களில் கடிகாரம் செய்கிறவர்களிடையே பெயர் பெற்றது எச்வி5622. இதைச் செய்த சூப்பர்டெக்ஸ் நிறுவனத்தை 2014-இல் மைக்ரோசிப் வாங்கியது. 32 அவுட்புட்கள், அணைந்த நிலையில் 220 வோல்ட் வரை தாங்கும். ஒரு சிப்புக்கு மூன்று குழாய் என்று இரண்டு சிப்பில் ஆறு குழாய்கள் அடங்கிவிடும். மீதமாகும் நான்கு அவுட்புட்களில் மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே மினுக்கும் சிறு நியான் விளக்குகளை இணைக்கலாம்.

இதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்த சிப்பின் கட்டளைப் பகுதி 12 வோல்ட்டில் இயங்குகிறது. உள்ளீடுகளும் 12-க்கு நெருக்கமாக ஏற வேண்டும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால், டேட்டா ஷீட் உத்தரவாதம் தராத ஒரு நிலையில் அதை ஓட்டுகிறோம் என்று பொருள். சிலருக்கு ஓடும், சிலருக்கு இரவில் திடீரென்று எண்கள் உளறும். இடையில் 5 வோல்ட் கட்டளையை 12 வோல்ட்டாக உயர்த்தும் சிடி4504 போன்ற மட்ட மாற்றி ஒன்றைப் போட்டுவிட்டால் கவலை இல்லை. சிப்பின் கால்கள் நெருக்கமானவை என்பதால், பிஎல்சிசி வடிவத்தில் வாங்கி அதற்கான சாக்கெட்டைப் போர்டில் சால்டர் செய்துகொள்வது வீட்டு வேலைக்கு ஏற்றது.

பல அவுட்புட் இருந்தும் பயன்படாதவை

74எச்சி595 மிகவும் மலிவான ஷிப்ட் ரெஜிஸ்டர். அதைக் கொண்டு எல்.இ.டி. எண்களை ஓட்டிப் பழகியவர்கள் நிக்ஸிக்கும் அதையே நினைக்கிறார்கள். அதன் ஒவ்வோர் அவுட்புட்டிலும், வோல்ட் அதன் சொந்த மின்வழங்கியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் காப்பு டயோடு இருக்கிறது. அதாவது கிளாம்ப் ஏறத்தாழ 5 வோல்ட்டில். என்ன நடக்கும் என்று மேலே கணக்கிட்டுவிட்டோம். அத்தோடு நில்லாமல், கேத்தோடிலிருந்து வரும் மின்னோட்டம் அந்த டயோடு வழியே 5 வோல்ட் கம்பிக்குள் ஏறி, அதில் உள்ள மற்ற உறுப்புகளையும் பாதிக்கலாம். 74எச்சி595-ஐ எம்பிஎஸ்ஏ42-களுக்குக் கட்டளை கொடுக்கப் பயன்படுத்தலாம். குழாயோடு நேராக இணைக்கக் கூடாது.

யூஎல்என்2003-இன் அளவு 50 வோல்ட். ரிலே, சிறு மோட்டார்களுக்கானது. அணைந்த அவுட்புட் 50-ஐத் தாண்டி ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் எந்த ஏற்பாடும் இல்லை.

டிபிஐசி6பி595 சற்று யோசிக்க வைக்கும் ஒன்று. அதிலும் 50 வோல்ட்தான், ஆனால் அந்த மட்டத்தில் முறையான கிளாம்ப் உண்டு. 140-இல் 50 போக 90 என்பதால் பல குழாய்களில் சரியாகவே ஓடும். சில குழாய்களில் அணைந்த எண்களைச் சுற்றி நீலம் கலந்த மங்கல் தெரிவதாகப் புகார் உண்டு. கைவசம் இருந்தால் ஒரு குழாயில் சோதித்துப் பார்க்கலாம், இதற்கென்று காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே சிப்பால் எல்லாக் குழாய்களையும் ஓட்டுவது

எல்லாக் குழாய்களின் ஐந்தாம் எண்களையும் ஒன்றாக இணைத்து, ஆறாம் எண்களையும் ஒன்றாக இணைத்து, இப்படியே பத்தையும் ஒரே 74141-இல் கட்டிவிட்டு, எந்தக் குழாயின் ஆனோடுக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், குழாய்கள் முறை வைத்து எரியும். விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் முறை வந்தால் கண்ணுக்கு எல்லாமே தொடர்ந்து எரிவதாகத் தோன்றும். இதற்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். டெல்டாக்காரர்களுக்கு முறைப்பாசனம் புதிதல்ல.

சிப் மிச்சமாகிறது, ஆனால் இலவசமாக அல்ல. நான்கு குழாய் இருந்தால் ஒவ்வொன்றும் கால் பங்கு நேரமே எரிகிறது. வெளிச்சம் குறையாதிருக்க அந்த நேரத்தில் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும், அதற்குக் குழாயின் டேட்டா ஷீட்டில் ஓர் உச்ச வரம்பு உண்டு. ஆறு குழாயில் வெளிச்சம் குறைவதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மேலும், ஆனோடைத் திறந்து மூடுவது 180 வோல்ட் பக்கத்தில் நடக்கும் வேலை. அதற்குக் குழாய்க்கு, நேர்முனைப் பக்கத்தில் திறந்து மூடும் எம்பிஎஸ்ஏ92 டிரான்சிஸ்டர் ஒன்றும், அதை இழுத்துவிட ஒரு எம்பிஎஸ்ஏ42-உம் தேவை. ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது இடையில் சில நூறு மைக்ரோ விநாடிகள் எல்லாவற்றையும் அணைத்துவைக்காவிட்டால், முந்தைய எண் அடுத்த குழாயில் பேயாகத் தெரியும்.

விஎஃப்டி குழாய்க்கு இந்தப் பட்டியல் உதவாது

நீலப்பச்சையாக ஒளிரும் ஐவி-11, ஐவி-18 போன்றவையும் பழைய சோவியத் குழாய்கள்தான். விற்பவர்கள் நிக்ஸியோடு சேர்த்தே விற்கிறார்கள். ஆனால் இவை விஎஃப்டி வகை. உள்ளே வாயு இல்லை, வெற்றிடம். சூடான மெல்லிய இழையிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள், நேர்வோல்ட் ஏற்றிய பூச்சுத் துண்டுகளில் மோதி அவற்றை ஒளிரவைக்கின்றன. 25 வோல்ட் முதல் 50 வோல்ட் வரை போதும்.

வோல்ட் குறைவு என்பதால் எளிது என்று நினைத்து 74141-ஐ இதில் இணைத்தால் ஒன்றும் நடக்காது. நிக்ஸியில் எரிய வேண்டிய உறுப்பைத் தரைக்கு இழுக்க வேண்டும். விஎஃப்டியில் எரிய வேண்டிய துண்டுக்கு நேர்வோல்ட்டைத் தள்ள வேண்டும். இழுக்கும் சிப்பை சிங்க் என்றும், தள்ளும் சிப்பை சோர்ஸ் என்றும் டேட்டா ஷீட்கள் குறிப்பிடுகின்றன. விஎஃப்டிக்கு மேக்ஸ்6921 பொருத்தமானது. 20 அவுட்புட்கள், 76 வோல்ட் வரை. ஐவி-18-இன் எட்டு துண்டுக் கம்பிகளும் எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஒன்பது கட்டக் கம்பிகளும் சேர்ந்து பதினேழுதான் என்பதால், ஒரே சிப்பில் அடங்கிவிடும்.

ஈரக்காற்றும் வீட்டு மின்சாரமும்

சிப் எவ்வளவு நன்றாகப் பலகையை மூடினாலும், கரையில் கசிவு இருந்தால் தண்ணீர் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர்களில் போர்டின் மேல் படியும் ஈரம், துடைக்காமல் விட்ட சால்டர் பசையோடு சேர்ந்து, 180 வோல்ட் கம்பிக்கும் தரைக்கும் இடையே ஒரு மெல்லிய பாதையை உண்டாக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றும் கூடுகிறது. எம்பிஎஸ்ஏ42 சுற்றில் சில மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே அணைந்த எண்ணில் ஒரு பொட்டு ஒளி தெரியலாம். சிப்பை மாற்றிப் பயனில்லை. போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, காப்பு வார்னிஷ் அடிக்க வேண்டும். உயர் வோல்ட் கம்பிகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டு வரைவது அதைவிட நல்லது.

180 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து ஏற்றித் தரும் சிறு மாட்யூல்கள் கிடைக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். பம்ப்செட், மோட்டார் வேலை தெரிந்தவர்களுக்கு வீட்டு 230 வோல்ட்டை டயோடு போட்டு நேராக எடுத்துவிடும் ஆசை வரும். அப்படிச் செய்தால் உச்சத்தில் 325 வோல்ட் வருவதோடு, கடிகாரத்தின் ஒவ்வோர் ஆணியும் மின்கம்பத்தோடு நேர்த்தொடர்பு கொண்டதாகிவிடும். 12 வோல்ட்டிலிருந்து ஏற்றிய 180 வோல்ட்டும் அதிர்ச்சி கொடுக்கும். ஆகவே ஒரு கையை எதையும் தொடாமல் விலக்கி வைத்துக்கொண்டு, மற்றொரு கையால்தான் அளக்க வேண்டும், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வாங்கிய சிப்பைச் சோதிப்பது

பழைய இருப்பாக வரும் 74141, கே155ஐடி1 சிப்புகளில் பழுதானவையும் கலந்திருக்கலாம். முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுத்து, அதே 5 வோல்ட்டிலிருந்து ஓர் எல்.இ.டி.யையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராகக் கொண்டுவந்து பத்து அவுட்புட்களிலும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். நாம் சொன்ன எண்ணில் மட்டும் எரிந்தால், சிப் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்கிறது என்று பொருள். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இது தூக்கிய பலகையைச் சோதிப்பது மட்டுமே.

அடுத்து, சிப்புக்கு 5 வோல்ட் இருக்கும்போதே ஓர் எண்ணை எரியச் சொல்லிவிட்டு, அணைந்திருக்க வேண்டிய ஓர் அவுட்புட்டுக்கு 180 வோல்ட் மின்வழங்கியிலிருந்து 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைப்புக் கொடுங்கள். பாயும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சிப்புக்கு ஆபத்தில்லை. மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைத் தரையிலும் சிவப்பை அந்த அவுட்புட்டிலும் வையுங்கள். 60 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டினால் அந்த அவுட்புட் நல்லது. 20, 30 என்று காட்டினால் அந்த எண் கடிகாரத்தில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் அவுட்புட்டுக்கும் மாறும் முன் மின்வழங்கியை அணைத்துவிட்டு, பத்தையும் இப்படி அளந்து, தேறிய சிப்புகளை மட்டும் சாக்கெட்டில் செருகுங்கள்.